முடிந்துபோன ஆட்டங்களுக்கான மன்றாட்டு

தம்பி,

வியாழக்கிழமை நீ தொலைபேசியில் சொன்னதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தாய். நேற்றுச் சொல்லிவிட்டேன். அதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றவற்றுக்கு வர வேண்டும். வருகிற வெள்ளிக்கிழமை நீ இன்னொரு உதைபந்தாட்டக் கிளப்புக்கு, இன்னும் ஒரு வருடத்துக்கு, அந்த வலது கணுக்காலோடு கையெழுத்துப் போடப் போகிறாய். போடாதே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நீ கேட்பாய் என்று நினைத்து எழுதவில்லை. நீ எடுத்த முடிவு எதையும் நான் மாற்றியதில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் இந்த முறை யாராவது ஒருவர் முழுவதையும் சொல்லியிருக்க வேண்டும்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதினால் நின்ற நிலையில் ஒரு நிமிடத்தில் வாசித்து, "ஓகே அப்பா" என்று பதில் போட்டுவிடுவாய். தமிழை நீ எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். எனக்கு அந்த வேகம்தான் வேண்டும். சனிக்கிழமை காலையில் ஆட்டம் முடிந்து, உடுப்பு மாற்ற நேரமில்லாமல், சேறு காய்ந்த முழங்காலோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் பின்வரிசை வாங்கில் வந்து இருந்து படித்த தமிழ் அது. ரீச்சர் ஒருநாள், "உவர் படிக்க வாறாரோ, வயல் உழுதுபோட்டு வாறாரோ?" என்று கேட்டதும் வகுப்பே சிரித்ததும் உனக்கு நினைவிருக்கும். இதை இங்குள்ள தமிழரின் ஒன்றுகூடல் மலருக்கும் கொடுக்கப் போகிறேன். பிள்ளையைப் பந்தடிக்க இங்கிலாந்துக்கு அனுப்பலாமா என்று இங்கே தகப்பன்மார் வந்து என்னிடம் கேட்கிறார்கள். நிற்கிற இடத்தில் நின்று ஒரு பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை, வாசித்துக்கொள்ளட்டும். பயப்படாதே, உன் புதிய மனேஜருக்குத் தமிழ் தெரியாது.

நீ லண்டனில் பிறந்தது தற்செயல். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டு நாங்கள் அங்கே சில காலம் இருந்தோம். உனக்கு நாலு வயதானபோது அம்மாவின் தமையன் கூப்பிட, நியூசிலாந்துக்கு, இந்த ஒக்லாந்துக்கு வந்தோம். அந்தத் தற்செயலால் உன் கையில் பிரித்தானியப் பாஸ்போர்ட் இருந்தது. இங்கே கிளென் ஈடனில் உன்னோடு ஆடிய பெடியன்களில் உன்னைவிடக் கெட்டிக்காரர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு விசா கிடைக்கவில்லை, உனக்கு விசா தேவைப்படவில்லை. உன்னை அங்கே கொண்டுபோனது உன் காலா, அந்தப் பாஸ்போர்ட்டா என்று இன்றைக்கு யோசித்தாலும் எனக்கு விடை தெரியவில்லை. பதினேழு வயதில் போனாய். பத்தொன்பதில் அந்தக் கிளப் உன்னை விட்டுவிட்டது, அதற்குக் கீழே இருந்த ஒன்று எடுத்துக்கொண்டது. அதன்பிறகு நடந்தது எல்லாம் அந்த ஒரு வசனம்தான், ஊரின் பெயர் மட்டும் மாறும். ஒவ்வொரு மே மாதமும் யாரை வைத்திருக்கிறோம், யாரை அனுப்புகிறோம் என்று கிளப்புகள் அறிவிக்கும். அந்த மாதம் முழுவதும் நீ வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் இருப்பாய். இங்கிலாந்து லீக்குகளின் நான்காம் படியில் ஆடினாய், ஐந்தாம் படியில் ஆடினாய். உனக்கு இப்போது முப்பத்துமூன்று வயது, கூப்பிடுகிறவர்கள் ஏழாம் படி. கிழமையில் இரண்டு பின்னேரம் பயிற்சி, சனிக்கிழமை ஆட்டம், மற்ற நாட்களில் வேறு வேலை பார்த்துக்கொள் என்கிறார்கள். "கணுக்காலைப் பற்றிக் கேட்டார்களா?" என்று கேட்டேன். "கேட்கவில்லை," என்றாய். ஏன் கேட்கவில்லை என்று எனக்கு விளங்குகிறது. அவர்களுக்கும் வேறு ஆள் இல்லை.

பின்களத்தில் ஆடுகிறவனின் நல்ல நாள் செய்தியில் வராது. ஊரில் நான் பத்திரிகையில் இருந்தவன், அதனால் இது எனக்கு மற்றவர்களை விடச் சீக்கிரம் பிடிபட்டது. கோல் போட்டவனின் பெயர் தலைப்பில் வரும். நீ சரியான இடத்தில் போய் நின்றதால் எதிராளி பந்தை முன்னுக்குத் தட்டாமல் பின்னால் திருப்பிக் கொடுத்தான் என்பதை எவரும் எழுத மாட்டார்கள். நானும் எழுதியிருக்க மாட்டேன். நடந்ததைத்தான் எழுதலாம், உன்னுடைய வேலையோ நடக்காமல் பார்த்துக்கொள்வது. நீ இருந்த ஊர்களின் பத்திரிகைகளை இணையத்தில் இத்தனை வருடமும் வாசித்து வருகிறேன். சிவப்பு அட்டை வாங்கினால் உன் பெயர் வரும். உன் காலில் பட்டு உங்கள் வலைக்குள்ளேயே பந்து போனால் வரும். காயப்பட்டால் வரும். மற்ற நாட்களில் நீ நன்றாக ஆடியிருக்கிறாய் என்று நானாக ஊகித்துக்கொள்வேன்.

அம்மாவுக்கு ஆட்டம் தெரியாது. ஓஃப்சைட் என்றால் என்ன என்று நீ உப்புப் போத்தலையும் மிளகுப் போத்தலையும் மேசையில் நகர்த்தி விளக்கியபோது, "அப்ப முன்னுக்கு நிக்கிறவன் களவெடுக்கிறான், அவ்வளவுதானே," என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனாள். ஆனால் உன் ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவள் செபிக்காமல் விட்டதில்லை. நீங்கள் சனிக்கிழமை பின்னேரம் ஆடி முடிக்கும்போது இங்கே ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிடும். தேவாலயத்துப் பூசைக்கு வெளிக்கிடுவதற்கு முன்பே முடிவு என் போனில் வந்திருக்கும். அவள் கேட்க மாட்டாள், நான் சொல்லவும் கூடாது. தெரிந்துவிட்டால் செபிக்க முடியாது என்பாள். மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை. அன்றைக்கு, அவரவர் தேவையைச் சொல்லிக் கேட்கிற மன்றாட்டு நேரத்தில் எழுந்து நின்று, உன் பெயரைச் சொல்லி, இன்றைய ஆட்டத்தில் வெல்ல வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பாள். மற்ற ஞாயிறுகளில் ஆங்கிலப் பூசையில் அதையே மனதுக்குள் கேட்பாள். எங்களுக்குப் பின்வரிசையில் இருக்கும் சேவியர் அண்ணையை உனக்குத் தெரியும், மன்னார்க்காரர், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார். அவர் ஒருநாள் பூசை முடிந்து, "தங்கச்சி, ஆட்டம் முடிஞ்சு, பெடியன் குளிச்சுச் சாப்பிட்டு, இப்ப குறட்டையும் விடுவான். இனிச் செபிச்சு என்ன பிரயோசனம்?" என்று கேட்டார். "ஆண்டவரும் ஒக்லாந்து நேரமோ பாக்கிறவர், அண்ணை?" என்றாள் அம்மா. அவர் அதன்பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

முடிவு தெரிந்தவனாக அவளுக்குப் பக்கத்தில் நிற்பதுதான் என்னுடைய பங்கு. நீங்கள் நாலு கோல் வாங்கித் தோற்றதை அறிந்தபடி, அவள் வெற்றி கேட்டு முடித்ததும், எல்லாருடனும் சேர்ந்து "கேட்டருளும்" என்று நானும் சொல்லியிருக்கிறேன். பூசை முடிந்து காருக்கு வந்து கதவைத் திறக்கும்போது அவள் ஒரே ஒரு சொல் கேட்பாள்: "என்ன?" நான் "வெண்டது" என்பேன், அல்லது "தோத்துப்போச்சு" அல்லது "சமன்". அவ்வளவுதான். அந்தச் செய்தியின் நாலாவது பந்தியில், உன்னை இரண்டு பேர் தோளில் தாங்கி வெளியே கொண்டுபோனார்கள் என்று எழுதியிருப்பதை நான் சொன்னதில்லை. ஊசி போட்டுக்கொண்டு ஆடினாய் என்று உன் மனேஜர் பெருமையாகச் சொன்னதையும் சொன்னதில்லை. ஸ்கோர் பொய்யில்லை. அதனால் நான் பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நான் ஒரே ஒரு முறை அங்கே வந்து உன் ஆட்டம் பார்த்தேன், அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நீ நான்காம் படியில் ஆடிய காலம், வாழ்க்கையில் நீ ஏறிய உச்சம் அதுதான் என்று அப்போது இரண்டு பேருக்கும் தெரியாது. எனக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இருந்தார். எங்கேயிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். நியூசிலாந்து என்றேன். "இதைப் பார்க்கவா?" என்று கேட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பிறகு உன்னைக் காட்டி, "அந்த அஞ்சாம் நம்பரை நாங்கள் கடைசி பஸ் என்றுதான் சொல்லுவோம். பிந்தித்தான் வரும். ஆனால் வரும்," என்றார். நீ என் மகன் என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மரியாதைக்காக வேறு ஏதாவது சொல்லியிருப்பார், எனக்கு அந்தச் சொல்லே போதுமாக இருந்தது. அன்று பின்னேரம் உன்னிடம் சொன்னபோது கோப்பி சிந்தச் சிரித்தாய். நீ ஓடுகிற வேகத்தால் அந்த இடத்துக்கு வரவில்லை. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே கண்டு மெல்ல நடந்து போய் நிற்கிறவன் நீ. அன்றைக்கு அதை என் கண்ணால் பார்த்தேன். போன வருடம் உங்கள் ஆட்டச் செய்தியின் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "கடைசி பஸ் இப்போது வருவதே இல்லை." நீயும் வாசித்திருப்பாய்.

இந்த ஜூன் மாதம் நீ வந்து நின்ற பதினைந்து நாளும் வீட்டுப் படியில் நீ இறங்குவதைப் பார்த்தேன். காலையில் கைபிடியைப் பிடித்துக்கொண்டு, நண்டைப் போலப் பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்கினாய். வந்த மறுநாளே, "என்ன தம்பி, கிழவன் மாதிரி?" என்று அம்மா கேட்டாள். நீ வாய் திறப்பதற்கு முன் நான் முந்திக்கொண்டு, "பிளேனில இவ்வளவு நேரம் இருந்தது, கால் வீங்கியிருக்கும்," என்றேன். நீ என்னைப் பார்த்தாய். அன்றைக்குப் பின்னேரம்தான் உன்னை மவுண்ட் வெல்லிங்டனில் இருக்கும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் கூட்டிப் போனேன். அந்தப் பிசியோ தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரப் பிள்ளை, ஒளிவு மறைவு தெரியாத வாய். நீ போனில் கொண்டுவந்த ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "குருத்தெலும்பு மிச்சமே இல்ல தம்பி. எலும்பும் எலும்பும் உரசிட்டிருக்கு. எத்தன ஊசி போட்டிருப்பீங்க?" என்று கேட்டது. நீ தோளைக் குலுக்கினாய். இன்னும் ஒரு வருடம் தாங்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டாய். "ஊசி போட்டா கழுதை கூட ஓடும். நாப்பது வயசுல நின்னுக்கிட்டு பேண்ட் மாட்ட முடியுமான்னு கேளுங்க, அதுக்கு வேணா நான் பதில் சொல்றேன்," என்றது அந்தப் பிள்ளை. நீ சிரித்தாய். நான் சிரிக்கவில்லை, அந்தப் பிள்ளையும் சிரிக்கவில்லை.

வரும் வழியில் கடைத்தொகுதிக்கு முன்னால் வாகனங்கள் நகராமல் நின்றன. நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "எனக்கு வேற என்ன தெரியும், அப்பா?" என்று கேட்டாய். ஆங்கிலத்தில்தான் கேட்டாய், ஆனால் அப்பா என்ற சொல்லைத் தமிழில் அழுத்திச் சொன்னாய். பச்சை விழுந்தது, காரை எடுத்தேன். அந்தக் கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது. பிள்ளைக்குப் பொய்யாவது சொல்லித் தேற்றுகிற தகப்பன்மார் இருக்கிறார்கள். எனக்கு அந்த நேரத்தில் பொய்யும் வரவில்லை.

இப்போதும் வரவில்லை. இங்கே வந்தால் எல்லாம் சரிவரும் என்று நான் எழுத மாட்டேன். உன்னிடம் பட்டம் இல்லை. உன்னோடு பந்தடித்தவர்கள் வீட்டுக்கு மோர்கேஜ் கட்டுகிறார்கள், பிள்ளைகளை நீச்சலுக்குக் கொண்டுபோகிறார்கள். நீ வந்தால் ஒருநாள் கூடிச் சாப்பிடுவார்கள், பிறகு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். மங்கரேயில் நான் வேலை செய்கிற சரக்குக் கொட்டகையில் உனக்காகக் கேட்டுப் பார்த்தேன். என்னுடைய மேலாளர் நல்ல மனிசன், எடுக்கலாம் என்றார். பிறகு, "எட்டு மணித்தியாலம் கொங்கிறீற்றுத் தரையில் நிற்பானா?" என்று கேட்டார். உன்னைக் கூப்பிடுகிற கிளப் கேட்காத கேள்வியைப் பெட்டி தூக்க ஆள் எடுக்கிறவர் கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம், அதற்கும் சான்றிதழ் வேண்டும், சான்றிதழ் இருந்தாலும் அதில் வாடகை கட்ட முடியாது. ஆகையால் நீ கையெழுத்துப் போடாமல் விட்டால் உனக்குக் கிடைக்கப்போவது என்ன என்று கேட்டால், ஒன்றுமில்லை, தம்பி. இன்றைக்கு இருக்கிற கால் இன்னும் கொஞ்சக் காலம் இதே அளவில் இருக்கும். அதற்கும் உத்தரவாதம் இல்லை என்றுதான் அந்தப் பிள்ளை சொன்னது. ஒன்றுமில்லாததற்காக ஒன்றை விடு என்று கேட்கிறேன். எவ்வளவு பெரிதைக் கேட்கிறேன் என்று எனக்குத் தெரியும். நீ அங்கே இருந்த பதினாறு வருடத்தில் உனக்கு மிஞ்சியது அந்த ஒன்றுதான்.

நேற்றைக்கு நடந்ததை எழுதுகிறேன். அம்மா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றபடி, கணுக்காலில் தொடங்கி, வெள்ளிக்கிழமை வரை சொன்னேன். இடையில் நிறுத்தவில்லை. அவளும் வெட்டுவதை நிறுத்தவில்லை. முடித்த பிறகு, "ஊசி எண்டால் என்ன ஊசி?" என்று கேட்டாள்.

"நோவு தெரியாமல் இருக்க."

"எப்ப இருந்து?"

"ஏழெட்டு வருசம் இருக்கும்."

கத்தியை வைத்தாள். "நீங்கள் எனக்கு வெண்டது எண்டெல்லோ சொன்னனீங்கள்?"

"வெண்டதுதான்."

குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். நீண்ட நேரம் கழுவினாள். எனக்கு முதுகைக் காட்டியபடியே, "நான் வெல்ல வேணும் எண்டுதானே கேட்டனான்," என்றாள். "ஒருநாளாவது அவன்ர காலைக் கேட்டனானோ? எனக்கு ஆர் சொன்னது, காலையும் கேக்க வேணும் எண்டு?" மீனை வெட்டி முடித்தாள், குழம்பு வைத்தாள், இரண்டு பேரும் சாப்பிட்டோம். உன்னைத் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இனி அவளுக்குச் செய்தி கொண்டுபோகிற வேலையை நான் செய்யப் போவதில்லை. வெள்ளிக்கிழமை எதைச் செய்தாலும் நீயே கூப்பிட்டு, ஒன்றும் விடாமல் அவளிடம் சொல். அவள் ஸ்கோரை மட்டும் கேட்டுக்கொண்டு போகிற ஆள் இல்லை. அப்படி ஆக்கி வைத்திருந்தது நான்.

இன்றைக்குத் தமிழ்ப் பூசை. இது உங்களுக்கு ஆட்டம் இல்லாத மாதம், ஆனால் இந்த மாதங்களிலும் அவள் உனக்காக எழுந்து நிற்பாள் என்பது உனக்குத் தெரியும். நல்ல கிளப்பாகக் கிடைக்க வேண்டும் என்று கேட்பாள். இன்று ஒவ்வொருவராக எழுந்து சொன்னார்கள். ஒருவர் தாயின் சத்திரசிகிச்சைக்கு, ஒருவர் பிள்ளையின் சோதனைக்கு, ஒருவர் விசாவுக்கு. பிறகு ஒருவரும் எழும்பவில்லை. பாதர் எங்கள் வரிசையைப் பார்த்தபடி காத்துக்கொண்டு நின்றார், அவருக்கும் பழக்கம்தானே. சேவியர் அண்ணை பின்னாலிருந்து குனிந்து, "தங்கச்சி, தம்பிக்குச் சொல்லேல்லையே?" என்று மெல்லக் கேட்டார். அம்மா இரண்டு கையையும் மடியில் வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டு இருந்தாள். முடிந்துபோன ஆட்டங்களுக்கெல்லாம் எழுந்து நின்றவள், இன்னும் தொடங்காத இதற்கு எழும்பவில்லை. பாதர் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் காணிக்கைப் பாட்டுக்குக் கையைக் காட்டினார்.

காருக்கு வந்தோம். கதவைத் திறந்து, நான் ஏறும்வரை நின்று, வழக்கம்போல, "என்ன?" என்று கேட்டாள்.

"கையெழுத்துப் போடுவான்," என்றேன்.

"ஓம்," என்று சொல்லி, ஏறி, பெல்டைப் போட்டாள்.

அப்பா